கவுண்டருக்கு முகம் வேண்டுமா?

துணிக்கடையிலோ நகைக்கடையிலோ விற்பனைப் பிரிவில் வேலை கிடைக்க அழகு வேண்டுமா? நேர்மையாகப் பதில் சொன்னால், வேண்டும். எந்தக் கடைக்காரரும் அதை வாசலில் எழுதி ஒட்டுவதில்லை. 'விற்பனைப் பெண்கள் தேவை, வயது 18 முதல் 28 வரை, நல்ல தோற்றம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை' என்று மட்டும் ஒரு துண்டுச் சீட்டு கண்ணாடிக் கதவில் தொங்கும். அந்த 'நல்ல தோற்றம்' என்ற இரண்டு சொற்களுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. நேரு வீதியிலும் காந்தி வீதியிலும் நூறடி ரோட்டிலும் ஒரு நடை நடந்து பாருங்கள். முன் கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளையும் பின்னால் மூட்டை பிரித்து விலைச் சீட்டு ஒட்டும் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், யாரை எதற்காக எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்பது தானாகப் புரியும்.

ஆக, நடைமுறை இதுதான். இது சரியா என்பதுதான் என் கேள்வி. 'நமக்கு எதற்கய்யா இந்த வயதில் இந்த விசாரம்' என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது.

எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மாவை இருபது வருடமாகத் தெரியும். அவருடைய மகள் பி.காம். முடித்திருக்கிறாள். கணக்கு சுத்தமாக வரும். பிரெஞ்சு டூரிஸ்டுகள் முழம் என்ன விலை என்று கேட்டால் அம்மாவுக்குப் பதிலாக அவள்தான் ஆங்கிலத்தில் பேசுவாள். அவளுக்கு உதட்டோரத்திலும் கன்னத்திலும் வெண்புள்ளி இருக்கிறது. நம் வயதுக்காரர்களில் பலர் இதை இன்னும் 'வெண்குஷ்டம்' என்கிறோம். அந்தப் பெயரே தவறு. குஷ்டத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தோலில் நிறம் உண்டாக்கும் செல்கள் சில இடங்களில் அழிந்துபோவதால் அங்கே வெள்ளையாகிறது. தொட்டால் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது.

அந்தப் பெண் ஒரு பெரிய கடைக்கு விற்பனை வேலைக்குப் போனாள். சான்றிதழைப் பார்த்தார்கள், கூட்டல் கழித்தல் கேட்டார்கள், பேசச் சொன்னார்கள். எல்லாம் திருப்தி. கடைசியில் மேனேஜர், "கவுண்டர் கஷ்டம்மா, குடோன்ல வேணா சேர்ந்துக்கோ" என்றாராம். கவுண்டரில் மாதம் 12,000 ரூபாய், விற்பனைக்கு ஏற்ப ஊக்கத்தொகை தனி. குடோனில் 10,000 ரூபாய், ஊக்கத்தொகை கிடையாது. "ஐயா, மூஞ்சியில இருக்கறதுக்கு அவ என்னா பண்ணுவா? போகட்டுமா வேணாமா, நீங்களே சொல்லுங்க" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். என்ன சொன்னேன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். அதற்கு முன் சில விஷயங்களை யோசிக்க வேண்டியிருந்தது.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். வீட்டில் 'ஆள் பாதி, ஆடை பாதி' என்று என் அப்பா சொல்வார். பள்ளியில் 'லபி நெ ஃபே பா லெ முவான்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். அங்கியைப் போட்டுக்கொண்டதால் மட்டும் ஒருவன் துறவி ஆகிவிடமாட்டான் என்பது அதன் பொருள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்போலத் தோன்றும். வயதான பிறகு பார்த்தால் இரண்டுமே சரிதான். இரண்டும் பேசுவது உடையைப் பற்றி. உடையை மாற்றலாம். முகத்தை மாற்ற முடியாது.

கோடு போட வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கடை என்பது பொதுமக்கள் வந்துபோகும் இடம். அங்கே நிற்பவர் குளித்து, தலை சீவி, இஸ்திரி போட்ட உடுப்போடு, நகம் வெட்டி, வாய் நாற்றமில்லாமல் வர வேண்டும் என்று முதலாளி கேட்பதில் ஒரு குற்றமும் இல்லை. கேட்கத்தான் வேண்டும். சோப்பும் சீப்பும் இஸ்திரிப்பெட்டியும் மாற்றக்கூடியது எதுவோ அதை முதலாளி கேட்கலாம். அவற்றால் மாற்ற முடியாததைக் கேட்க அவருக்கு உரிமை இல்லை. நிறம், உயரம், பல் வரிசை, தழும்பு, வெண்புள்ளி எல்லாம் இரண்டாவது வகை. 'நல்ல தோற்றம்' என்ற சொல் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. கோளாறே அங்கேதான்.

கடைக்காரர் தரப்பையும் சொல்ல வேண்டும். அவர்களில் சிலர் எனக்கு நெடுநாள் பழக்கம். "நான் ஒண்ணும் சொல்லலை சார், கஸ்டமர் விரும்ப மாட்டேங்கறாங்க" என்பார்கள். இது முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மனிதக் கண் அழகான முகத்தின் பக்கம் திரும்பும். அழகுக்குச் சந்தையில் விலை உண்டு என்பதைக் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். டேனியல் ஹாமர்மெஷ், ஜெஃப் பிடில் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் ஆய்வு விவரங்களை வைத்து 1994-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பார்வைக்குச் சுமார் என்று மதிப்பிடப்பட்டவர்கள், நடுத்தரத் தோற்றம் உள்ளவர்களைவிட 5 முதல் 10 சதவீதம் வரை குறைவாகச் சம்பாதித்தார்கள் என்பது அவர்கள் கண்டது. அழகானவர்களுக்குக் கிடைத்த கூடுதல் அதைவிடக் கொஞ்சம் குறைவு. இது பெண்களுக்கு மட்டும் உள்ள தொல்லை என்று நினைத்தால் அதுவும் இல்லை. ஆண்களிடமும் அதே அளவுக்கு இருந்தது.

ஆனால் 'கஸ்டமர் விரும்ப மாட்டார்' என்பது மாறாத விதியா? நம் வயதுக்காரர்கள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நாம் சிறுவர்களாக இருந்தபோது பெரிய மார்க்கெட்டில் எத்தனை முகங்களில் அம்மைத் தழும்பு இருந்தது! அரிசி அளந்தவருக்கு இருந்தது, ஜவுளி கிழித்தவருக்கு இருந்தது, மருந்துக் கடைக்காரருக்கும் இருந்தது. எங்கள் அம்மா வழக்கமாகச் சேலை எடுக்கும் கடையில் இருந்த பெரியவருக்கு முகம் முழுக்கக் குழி. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சேலையாக விசிறி விரிப்பார். "இது சாயம் போகும் தாயி, வேணாம்" என்று அவரே சொல்லிவிடுவார். அதற்காகத்தான் அம்மா அந்தக் கடையைத் தேடிப் போனார். அவர் முகத்தைப் பார்த்து யாரும் வாசலோடு திரும்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை. திரும்பியிருந்தால் ஊரில் பாதிக் கடைகளை மூடியிருக்க வேண்டும்.

இந்தியாவில் பெரியம்மை 1975 மே மாதத்தோடு ஒழிந்தது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் தழும்பு முகங்களைப் பார்க்காமலே வளர்ந்தார்கள். தழும்பு அபூர்வமானதால்தான் அது இன்று உறுத்துகிறது. வாடிக்கையாளரின் கண் பழக்கத்தைப் பொறுத்தது. எதைக் காட்டிப் பழக்குகிறோமோ அதை ஏற்கும். வெண்புள்ளி உள்ள பெண் கவுண்டரில் நின்றால் முதல் வாரம் நாலு பேர் உற்றுப் பார்ப்பார்கள். இரண்டாவது மாதம், 'அந்தப் பொண்ணு இருந்தா கூப்பிடுங்க, அதுதான் பொறுமையா காட்டும்' என்பார்கள்.

இதில் நிறத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'சிவப்பா, லட்சணமா' என்பது கல்யாணப் பேச்சிலிருந்து கடை வேலைக்கு அப்படியே இறங்கி வந்துவிட்டது. நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரையே வாய்க்காலுக்குக் கிழக்கே 'வில் பிளான்ஷ்', மேற்கே 'வில் நுவார்' என்று பிரித்துப் பெயர் வைத்தவர்கள். வெள்ளை நகரம், கறுப்பு நகரம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி அவர்கள் ஆட்சி போனது. இன்று நாமே 'ஒயிட் டவுன்' என்று பெருமையாகப் பலகை வைத்து விற்கிறோம். அந்தப் பலகைக்குக் கீழே உள்ள புட்டிக்கிலும் கஃபேயிலும் வேலைக்குப் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் வாய்க்காலுக்கு மேற்கிலிருந்து வருகிறவர்கள். கறுப்பாக இருக்கும் பெண் பிள்ளை பவுடரை அப்பிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போவதைப் பார்க்கும்போது, அந்த வாய்க்கால் இன்னும் வற்றவில்லை என்று எனக்குத் தோன்றும்.

இந்தப் பயத்தை வளர்த்ததில் விளம்பரத்துக்கும் பங்கு உண்டு. 1975-இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி க்ரீமின் ஒரு விளம்பரம் பலருக்கு ஞாபகம் இருக்கும். 'மகன் பிறந்திருந்தால் சம்பாதித்துப் போட்டிருப்பானே' என்று ஏங்கும் அப்பா. கறுப்பான மகள் க்ரீம் போட்டுச் சிவப்பாகி, விமானப் பணிப்பெண் ஆகிறாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதற்கு எதிராகப் புகார் கொடுத்துப் போராடியது. 2003-இல் அந்த மாதிரி விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. நிறத்தைக் காட்டி வேலை கிடைக்காது, கல்யாணம் ஆகாது என்று சித்தரிக்கக் கூடாது என இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014-இல் விதி வகுத்தது. 2020-இல் க்ரீமின் பெயரே 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாறியது. பெயர் மாறிவிட்டது. ஆனால் கடைக் கதவில் தொங்கும் சீட்டில் 'நல்ல தோற்றம்' மாறவில்லை.

வெளிநாட்டில் இதே விஷயம் எங்கே போய் நின்றது என்பதையும் சொல்கிறேன். அமெரிக்காவில் அபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் என்று ஒரு துணிக்கடை நிறுவனம். கடைப் பணியாளர்களுக்கு அங்கே 'மாடல்' என்றே பெயர். அழகானவர்களைத்தான் எடுக்கிறோம் என்று அதன் தலைவரே வெளிப்படையாகச் சொன்னார். வெள்ளையரை முன்னால் நிறுத்திவிட்டு மற்றவர்களை ஒதுக்குகிறார்கள் என்று வழக்கு வந்து, 2004-இல் சுமார் 4 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். பாரீஸ் ஷான்ஸெலிஸே வீதியிலும் அவர்களுக்குக் கடை இருந்தது. 2013-இல் பிரான்சின் 'தெஃபான்சேர் தெ துருவா', அதாவது உரிமைப் பாதுகாவலர், அந்த நிறுவனம் ஆள் எடுக்கும் முறையை விசாரிக்கத் தொடங்கினார். 2015-இல் நிறுவனமே, இனி உடலமைப்பையோ கவர்ச்சியையோ பார்த்து ஆள் எடுக்க மாட்டோம் என்று அறிவித்து, 'மாடல்' என்ற பெயரையும் எடுத்துவிட்டது.

பிரான்சில் எந்தச் சட்டத்தை வைத்துக் கேட்டார்கள்? அங்கே 2001 நவம்பர் 16-ஆம் தேதிச் சட்டம் ஒன்று, வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களின் பட்டியலில் 'அப்பாரான்ஸ் ஃபிசிக்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தது. உடல் தோற்றம் என்று பொருள். இனம், மதம், பாலினம் போன்றவற்றோடு தோற்றமும் சட்டத்தில் ஏறிவிட்டது. மீறினால் மூன்று ஆண்டுச் சிறை, 45,000 யூரோ அபராதம் வரை போகலாம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1977 முதலே அந்த நகரத்துக்கான சட்டத்தில் 'தனிப்பட்ட தோற்றம்' இடம் பெற்றிருக்கிறது.

சட்டம் வந்ததால் பிரான்சில் எல்லோரும் உத்தமர்கள் ஆகிவிடவில்லை. அங்குள்ள சமூகவியல் பேராசிரியர் ழான் ஃபிரான்சுவா அமாதியே 'தோற்றங்களின் எடை' என்று பொருள்படும் தலைப்பில் 2002-இல் ஒரு புத்தகமே எழுதினார். சட்டத்தால் மனசை மாற்ற முடியாது. ஆனால் மேனேஜர் வாயிலிருந்து என்ன வார்த்தை வரலாம் என்பதை மாற்ற முடியும். 'உன் கன்னம் சரியில்லை' என்று நேராகச் சொல்ல அங்கே ஒருவர் யோசிக்க வேண்டும். இங்கே யோசிக்க வேண்டியதில்லை.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது? அரசு வேலையில் மதம், இனம், சாதி, பாலினம், வம்சம், பிறந்த இடம், வசிக்கும் இடம் ஆகியவற்றைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு. அது அரசுக்கு மட்டும். தனியார் கடைக்காரரை அது கட்டாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களையும் தொழுநோயிலிருந்து குணமானவர்களையும் சேர்த்துக்கொண்டது. நல்ல காரியம். ஆனால் வெண்புள்ளி அந்தப் பட்டியலில் இல்லை. கறுப்பு நிறம் இல்லை. தூக்கிய பல் இல்லை. அவை ஊனமும் இல்லை, அதனால் அங்கே சேர்க்கவும் முடியாது. அவற்றுக்குத் தேவை 'தோற்றம்' என்ற ஒரு சொல். கடைகள் நிறுவனங்கள் சட்டம் நம்மிடம் 1964 முதல் இருக்கிறது. வேலை நேரம், வார விடுமுறை பற்றியெல்லாம் பேசும் அந்தச் சட்டத்தில் இதற்கும் ஒரு வரி சேர்த்தால் என்ன?

'கடை வேலைக்கெல்லாம் சட்டமா' என்று அலட்சியமாகச் சொல்ல வேண்டாம். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்கள், விஜி என்ற தையல்காரப் பெண்ணின் தலைமையில் உட்கார உரிமை கேட்டார்கள். 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021-இல் அதே திருத்தம் வந்தது. கடையில் நாற்காலி போட வேண்டும் என்பதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது. பணியாளர் உட்கார்ந்தால் கடை 'பார்க்க நன்றாக இருக்காது' என்பதுதான் முதலாளிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. பாருங்கள், அங்கேயும் தோற்றம்தான். விற்கிற ஆளையும் ஷோகேஸ் பொம்மை மாதிரி ஒரு அலங்காரமாக நினைப்பதால் வருகிற வினை இது. வசந்தபாலன் 2010-இல் 'அங்காடித் தெரு' எடுத்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் நடப்பது நமக்கெல்லாம் கொஞ்சம் தெரிந்தது.

அழகாக இருப்பதால் வேலை கிடைத்த பிள்ளைகளும் கொடுத்து வைத்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. முகத்துக்காக எடுத்தவர்கள் முகத்துக்காகவே அனுப்புவார்கள். ஏர் இந்தியாவில் ஒரு காலத்தில் விமானப் பணிப்பெண்ணுக்கு 35 வயதில் ஓய்வு. வேலையில் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்துகொண்டால் அதற்கு முன்பே வேலை போகும். முதல் முறை கர்ப்பமானாலும் போகும். 1981-இல் நர்கேஷ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கர்ப்ப விதியை ரத்து செய்தது. கடைகளில் இப்படி எழுதப்பட்ட விதிகூட இல்லை. கதவருகே பட்டுச் சேலை கட்டிக் கும்பிடு போட நிறுத்தப்படும் பெண் ஒரு பிள்ளை பெற்று வந்த பிறகு அதே இடத்தில் நிற்கிறாளா என்று கவனித்துப் பாருங்கள்.

இந்த ஊரில் முன்பெல்லாம் படிப்பு அதிகம் இல்லாத குடும்பங்களுக்கு மில் இருந்தது. எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளுக்காக 1936 ஜூலை 30 அன்று பன்னிரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்த ஊர் இது. மில் கேட்டில் கையைப் பார்த்தார்கள், நூல் பிடிக்கத் தெரியுமா என்று பார்த்தார்கள். தறிக்கு எந்த முகமானால் என்ன? ஏ.எப்.டி. மில் 2020-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. மில்லுக்குப் போன குடும்பங்களின் பேரப் பிள்ளைகளுக்கு இன்று இருக்கும் வழி கடையும் ஓட்டலும்தான். கைக்குக் கிடைத்த வேலை போய், முகத்துக்குக் கிடைக்கும் வேலை வந்திருக்கிறது. அதனால்தான் இது அற்ப விஷயம் இல்லை என்கிறேன். சினிமாவில் நடிக்க முகம் கேட்டால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடும் தொழிலில் முகம் கேட்டால், அழகில்லாத பிள்ளைகள் எங்கே போவார்கள்?

நான் முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். பல வருடம் பொதுமக்கள் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். எங்களில் ஒருவரையும் அழகு பார்த்து எடுக்கவில்லை என்பது எங்களைப் பார்த்தாலே தெரியும். எங்கள் முகம் சரியில்லை என்று ஒருவரும் புகார் எழுதியதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததற்குத்தான் எழுதினார்கள். கவுண்டருக்கு முன்னால் நிற்பவருக்கு வேண்டியது மூன்றே விஷயம்: நிமிர்ந்து பார்த்துப் பேச வேண்டும், கேட்டதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டும், எரிந்து விழக் கூடாது. ஜவுளிக்கடையிலும் இதேதான். பருத்தியா பாலியஸ்டரா, துவைத்தால் சுருங்குமா, நம் உடம்புக்கு இந்த அளவு போதுமா என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் நாம் மறுபடி தேடிப் போகிறோம்.

வள்ளுவரும் உருவத்தைப் பார்த்து ஒருவரை இகழாதே என்று சொல்லியிருக்கிறார். அதை அவர் எந்த அதிகாரத்தில் வைத்தார் என்பது முக்கியம். அன்பு, அருள், கண்ணோட்டம் எதிலும் வைக்கவில்லை. 'வினைத்திட்பம்' என்ற 67-ஆவது அதிகாரத்தில் வைத்தார். காரியம் முடிப்பதைப் பற்றிய அதிகாரம் அது. பெரிய தேர் ஓடுவதற்கு ஆதாரமான சின்ன அச்சாணியை உவமையாகச் சொன்னார். இரக்கப்பட்டு வேலை கொடு என்று அவர் சொல்லவில்லை. உருவத்தைப் பார்த்து ஒதுக்கினால் நஷ்டம் உனக்குத்தான் என்கிறார். கடை முதலாளிகளுக்கு இந்தக் கணக்கு புரியும் என்று நம்புகிறேன்.

பூக்கார அம்மாவுக்குச் சொன்னதற்கு வருகிறேன். "குடோன் வேலை கேவலம் இல்லம்மா, ஆனா உடனே தலையாட்டாதீங்க" என்றேன். பிள்ளையைக் கூப்பிட்டு, மறுபடி போய் மேனேஜரிடம் ஒன்று கேட்கச் சொன்னேன். 'ஒரு மாதம் கவுண்டரில் விடுங்கள். என் பிரிவில் விற்பனை குறைந்தால் நானே குடோனுக்குப் போகிறேன்.' போய்க் கேட்டாள். அதைக் கேட்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாக மேனேஜர் சொன்னாராம். மூன்று வாரம் பதில் இல்லை. இதற்கிடையில் ஒரு சின்ன ஸ்டேஷனரிக் கடைக்காரர், "பில்லு போடத் தெரியுமா? நாளைக்கு வா" என்று ஒரே வார்த்தையில் எடுத்துக்கொண்டார். முன்னால், கவுண்டரில். சம்பளம் 9,000 ரூபாய். பி.எஃப். கிடையாது.

"தாத்தா, இங்க யாரும் என் கன்னத்தப் பார்க்கறதில்ல, மீதிச் சில்லறையத்தான் பார்க்கறாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய கடையின் கவுண்டரில் 12,000, இங்கே 9,000. இந்த 3,000 ரூபாய் அவள் மாதாமாதம் தன் கன்னத்துக்குக் கட்டும் வரி. அமெரிக்கக் கணக்கில் 5 முதல் 10 சதவீதம். எங்கள் தெருக் கணக்கில் 25 சதவீதம்.

அந்த வரியை யார் விதித்தது? 'கஸ்டமர்' என்கிறார்கள். அந்தக் கஸ்டமர் நீங்களும் நானும்தான். பென்ஷன் வந்ததும் பேரனுக்குச் சட்டையும் பேத்திக்குத் தோடும் எடுக்கப் போகிறவர்கள் நாம். நம் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையை உள்ளே தள்ளுகிறார்கள் என்றால், 'நான் அப்படிக் கேட்கவில்லை' என்று சொல்லும் பொறுப்பும் நமக்கு இருக்கிறது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, தெரிந்த முதலாளி கல்லாவில் இருந்தால், விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்வதோடு இதையும் சொல்லிவிட்டு வாருங்கள்: "எங்களுக்குத் துணியைப் பற்றித் தெரிந்த ஆள் போதும். முகம் எதுவானாலும் பரவாயில்லை." பத்துப் பேர் சொன்னால் அவர் காதில் விழும். வியாபாரிக்குக் காது கூர்மை.